மீட்டர்காரரின் அலுப்பு

என் வீட்டுக்காரரை எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு வேறொரு பெயர் இருப்பது எனக்கும் வங்கிக்கும் மட்டும்தான் தெரியும்.

எங்கள் பிழைப்பு பைக்குகளோடு. வண்டி வாங்கிய கையோடு பலருக்குக் கம்பெனி சைலன்சர் கசந்துவிடும். பளபளவென்று வேறொன்றை வாங்கி மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வருவார்கள். அதை மாட்டுவது என் வேலை. ஆமாம், நான்தான். ஸ்பேனர் பிடிக்க மீசை வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. மாட்டியதும் சத்தம் மட்டுமா மாறும்? புகை சுலபமாக வெளியேறுவதால் இன்ஜின் காற்றை அதிகமாக இழுக்கும். பெட்ரோலை அளந்து தெளிக்கிற கம்ப்யூட்டருக்கோ இந்தச் சங்கதி தெரியாது. அது பழைய கணக்கிலேயே தெளித்துக்கொண்டிருக்கும். வண்டி சூடாகும், திணறும், ஆக்ஸிலேட்டரை விட்டால் பட்பட்டென்று வெடிக்கும்.

அந்தக் கணக்கைத் திருத்துவது அவர் வேலை. கடையின் பின்னறையில் தரையோடு ஒரு உருளை பதித்திருக்கிறோம். பின்சக்கரத்தை அதன்மேல் ஏற்றி, வண்டி நின்ற இடத்திலேயே ஓட, சைலன்சர் வாயில் சென்சாரைச் செருகி, கையில் மீட்டரோடு உட்கார்ந்திருப்பார். புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று மீட்டர் சொல்லும். மிச்சம் அதிகமென்றால் பெட்ரோல் போதவில்லை. லேப்டாப்பில் துளி கூட்டுவார். மிச்சமே இல்லையென்றால் குறைப்பார். அவர் கைபட்ட வண்டி புகாரோடு திரும்பி வந்ததே இல்லை. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. எனக்கு அதைவிட அதிகம்.

கடைக்கு மேல் மாடிக்கு ஒரு பெண் குடிவந்தாள். இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவள். ஒருநாள் கண்கள் சிவக்க இறங்கி வந்து, "அக்கா, கொஞ்ச நேரமாவது தூங்க விடுங்கக்கா," என்று அழாத குறையாகக் கேட்டாள். பாவமாக இருந்தது. பின்னறைச் சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டினோம், ஜன்னலில் பழைய மெத்தையைத் திணித்தோம், கதவை இழுத்துச் சாத்திக்கொண்டோம். புகையை வெளியே இழுக்க ஒரு ரப்பர் குழாய் இருந்தது. அதைச் சைலன்சர் வாயில் மாட்டினால் போதும் என்று இருந்துவிட்டோம். பிறகு வந்தது இரட்டைச் சைலன்சர் மோகம். ஒவ்வொன்றின் வாயும் இத்தனை அகலம். குழாய் எதிலும் ஏறவில்லை.

"பக்கத்துல வச்சா போதும், இழுத்துக்கும்," என்றார். நானும் தலையாட்டினேன்.

அதற்கப்புறம்தான் மனுஷனுக்கு அலுப்பு பிடித்தது. என்ன அலுப்பு என்கிறீர்கள்! சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் சாய்வார். "தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி," என்பார். தட்டில் போட்டது ஆறிப்போகும். பேசிக்கொண்டிருக்கும்போதே எதைப் பற்றிப் பேசினோம் என்பது மறந்துபோகும். டாக்டரிடம் காட்டினோம், பிரஷர் இல்லை, சுகர் இல்லை, ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார். விடுமுறையன்று மட்டும் தலைவலி எட்டிப் பார்க்காது. "வேலைன்னா வலிக்கும், லீவுன்னா வலிக்காது. நல்ல தலைங்க உங்களுக்கு," என்று கேலி செய்வேன். சிரிப்பார். சிரிக்கவும் தெம்பில்லாத சிரிப்பு.

எனக்கும் அலுத்துவிட்டது. கடையைத் திறப்பது, சைலன்சர் மாட்டுவது, வாடிக்கையாளரிடம் பல்லைக் காட்டுவது, வீட்டுக்கு வந்தால் இவரைத் தாங்குவது. எத்தனை நாளைக்கு ஒருத்தி இழுப்பாள்?

அப்போதுதான் முதல் வண்டி திரும்பி வந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி. பெட்ரோல் கூடிப்போய் இன்ஜின் மூச்சடைத்துக் கிடந்தது. அவர் அந்தப் பிளக்கை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்பச் சரிசெய்து அனுப்பினார். அதுவும் கரியோடு வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது.

"கை போயிடுச்சு," என்றார் ஒருநாள், குளியலறை வாசலில் ஈரத் தலையோடு நின்றுகொண்டு. "வயசாயிடுச்சுன்னு நினைக்கிறேன். நம்பர் பாக்குறேன், சரியாத்தான் வைக்கிறேன். வண்டி தப்புன்னு சொல்லுது. இனி என்னால முடியாதும்மா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை 'அம்மா' என்று கூப்பிட்டால் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம்.

என் அண்ணன் ஒரு கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறான். விஷயம் கேள்விப்பட்டு ஃபோனில் வந்தான். "மாப்பிள்ளைக்கு இங்க ஒரு இடம் இருக்கு. நாற்காலியில உக்காந்து லாரியைப் பாத்து அனுப்புனா போதும். திங்கக்கிழமை வரச் சொல்லு." இவர் மறுபேச்சு பேசாமல் சரி என்றார். ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கத்தினேன். இந்த மீட்டர் வேலையை எடுத்துவிட்டால் இந்த மனுஷனிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை கடைசி வண்டி. இரட்டைச் சைலன்சர், நான் மாட்டியது. அவருக்குக் கால் நடுங்கியதால் வண்டிமேல் நான் ஏறி ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டேன். அவர் நாற்காலியில்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலையைத் தொடங்கும்போது மீட்டருக்கு நல்ல காற்றைக் காட்ட வேண்டும். சுத்தமான காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஆக்ஸிஜன் இருக்கும். 'இதுதான் அது' என்று மீட்டர் மனதில் பதித்துக்கொண்டு, அதை வைத்துத்தான் புகையை அளக்கும். முன்பெல்லாம் அதற்கென்றே தெருமுனைவரை நடந்து போய் நிற்பார். அலுப்பு வந்தபின் நடை போயிற்று. நாற்காலியில் இருந்தபடியே சென்சாரை அறையில் ஆட்டிப் பொத்தானை அமுக்கிவிடுவார். அன்றும் காலையிலிருந்து அறைக்குள் வண்டி ஓடி ஓய்ந்த பிறகு அப்படித்தான் அமுக்கினார்.

"பெட்ரோல் பத்தல," என்றார். கூட்டினார். "இன்னும் பத்தல." கூட்டினார். எனக்கு நெற்றிப்பொட்டில் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருந்தது. கண்ணைக் கட்டியது. இவரைப் பார்த்தால் வாய் பாதி திறந்தபடி திரையையே வெறித்துக்கொண்டிருக்கிறார். எங்கிருந்துதான் அப்படியொரு ஆத்திரம் வந்ததோ. இன்ஜினை அணைத்தேன், சைலன்சரிலிருந்து சென்சாரை உருவினேன், அதன் வயரோடு மீட்டரை அவர் கையிலிருந்து பறித்தேன்.

"இந்தப் பீடையாலதான் நீங்க இப்படி ஆயிட்டீங்க. சாக்கடையில எறியறேன் பாருங்க!"

கதவை உதைத்துத் திறந்து தெருவுக்கு ஓடினேன். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டார். ஓங்கிய என் கையைப் பற்றியவர், மீட்டரைப் பார்த்து அப்படியே நின்றார். அது இருபத்தொன்றைத் தாண்டி இருபத்திரண்டில் நின்றது.

"தெருவுல இவ்வளவு ஆக்ஸிஜன் ஏது?" என்றார், மெதுவாக. "உலகத்துலயே கிடையாதே."

நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

"உள்ள இருக்கிற புகைக் காத்தைத்தான் நல்ல காத்துன்னு இதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அதான் எல்லாத்தையும் கூட்டிக் காட்டுது. அதை நம்பி நான் பெட்ரோலை ஊத்திக்கிட்டே..." கதவு திறந்து கிடந்த அறையைத் திரும்பிப் பார்த்தார். "அடியே, அதைத்தான் நாம மூச்சா இழுத்துக்கிட்டு இருந்தோமா?"

அதோடு முழங்கால் மடங்கிச் சரிந்தார். நான் போட்ட கூச்சலில் மாடிப் பெண் வெறுங்காலோடு ஓடி வந்தாள். இருவருமாக அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டோம்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டினார்கள். எனக்கும் ஒன்று. ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா எங்களைப் பிடி பிடியென்று பிடித்தார்.

"கார்பன் மோனாக்சைடு. வாசனையே கிடையாது, தெரியவே தெரியாது. மாசக்கணக்கா குடிச்சிருக்கீங்க. தலைவலி, மறதி, அசதி எல்லாம் அதனாலதான். இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா ரெண்டு பேரையும் பொணமாத்தான் எடுத்திருப்பாங்க. புரியுதா?"

அவர் மாஸ்க்கைத் தூக்கினார். "அப்போ... கை போகலையா டாக்டர்?"

டாக்டரம்மா அவர் கையைப் புரட்டிப் பார்த்தார். "கைக்கு என்ன? கை நல்லாத்தானே இருக்கு."

சிரித்தார் பாருங்கள் என் வீட்டுக்காரர். மாஸ்க்குக்குள் கன்னம் இரண்டும் உப்ப, கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓட, சின்னப் பிள்ளை மாதிரி. எனக்கு வந்ததே கோபம்.

"பாவி மனுஷா, பொணமா எடுத்திருப்பாங்கன்னு சொல்றாங்க. காதுல விழுதா?"

"விழுது, விழுது. கை நல்லாத்தான் இருக்காம்."

இந்த ஆளோடு இத்தனை வருஷம் எப்படித்தான் குப்பை கொட்டினேனோ. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு அண்ணனுக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணா, கிடங்குக்கு வேற ஆளைப் பாரு," என்றேன். ஏன், மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று அவன் பதறினான். "அவர் கை நல்லாத்தான் இருக்காம்," என்றேன்.