நான் போனால் மட்டும் ஓடிய டிவி

டிவி மெக்கானிக் தொழிலில் ஒரு சௌகரியம், நோயாளி வாயைத் திறக்காது; அதற்கும் சேர்த்து வீட்டிலிருப்பவர்கள் பேசிவிடுவார்கள். உங்கள் வீட்டு டிவியும் ஒருநாள் பாதியில் அணைந்திருக்கும், நீங்களும் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டியிருப்பீர்கள். ஆகவே என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

குகட்பள்ளி ஹவுஸிங் போர்டு காலனியில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். விளம்பரம் எதுவும் கிடையாது. காலனி வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது நல்லதாக நாலு வார்த்தை போட்டால் சோறு, கெட்டதாக ஒரு வார்த்தை போட்டால் பட்டினி. அந்த குரூப்பின் அட்மின் ஆரோக்கியசாமி அங்கிள், ரயில்வே ஒர்க்ஷாப்பில் ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டு டிவிதான் என்னைப் படுத்தி எடுத்தது.

எரிந்தால் கெட்டது

டிவி செத்துக் கிடக்கிறது என்று கூப்பிட்டார். இந்த மாதிரி செட்டை நேராக கரண்டில் செருக மாட்டோம். நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்துக் கொடுப்போம். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கினால் செட் பிழைத்துவிட்டது என்று அர்த்தம். பல்பு பளிச்சென்று எரிந்தது. அங்கிள் கை தட்டினார். அவர் மனைவி, நான் ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவர், ஓடிவந்து என் கையில் ஒரு லட்டை வைத்தார். துக்கச் செய்தியை லட்டை மென்றுகொண்டே சொன்னேன்.

பவர் போர்டில் வெந்துபோன பாகத்தை மாற்றியதும் பல்பு மங்கி, டிவி வந்தது. அங்கிளுக்குத் திருப்தியில்லை. அவர் தமிழில் இந்த ஊர் உருது கலந்திருக்கும்; 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம், கிடையாது. "கைக்கு தம்பி இப்படி? பல்பு எரிஞ்சா டிவி நக்கோ, டிவி வந்தா பல்பு நக்கோ. ரெண்டும் எரியற மாதிரி பண்ணு, கரண்ட் பில்லு நான்தானே கட்றேன்."

ராஜ உபசாரம்

மறுநாளே டிவி தானாக அணைகிறது என்று குரூப்பில் போட்டுவிட்டார். சாயந்திரம் ஓடினேன். வெயிலில் வந்த பிள்ளை என்று ஆன்ட்டி மரக்கதவு ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டு, காபியும் கொடுத்தார். டிவி சமர்த்தாக ஓடியது. ஒரு சீரியலை முழுசாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் நான் போகவில்லை, அணைந்துவிட்டதாம். அதற்கடுத்த நாள் போனேன், ஓடியது. போர்டைக் கழற்றிக் கடையில் வைத்துச் சோதித்தும் ஒரு குற்றமும் இல்லை. கடைசியில் ஆன்ட்டியே வழி சொன்னார். "நீ இருந்தாத்தான் ஓடுது. பேசாம தினம் சீரியல் முடியற வரைக்கும் வந்து உக்காந்துடு, டிபன் நான் போடறேன்."

விமான வைத்தியம்

இதற்குள் குரூப்பில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் வாஸ்து என்றார், ஒருவர் எர்த் சரியில்லை என்றார், ஒருவர் தன் மச்சான் வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு அதோடு காணாமல் போனார். பாலாநகரில் விமானத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் செய்யும் இடத்தில் வேலை பார்த்த மேல்மாடிக்காரர் மீட்டரோடு இறங்கி வந்தார். பிளக், ஒயர், வோல்டேஜ் எல்லாம் அளந்தார். சாமியே நேரில் வந்தது போல நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் சொன்னார்: "எங்க பக்கம் இப்படிப் புரியாத ஃபால்ட் வந்தா பிளேனை ஏத்தவே மாட்டோம். நீங்களும் டிவியைப் போடாதீங்க."

எதிர் ஜன்னல்

அங்கிள் கெடு வைத்துவிட்டார். இன்றைக்குச் சரியாகாவிட்டால் குரூப்பில் வேறு மெக்கானிக்கின் நம்பர் வரும். அன்று பார்த்து எனக்கு ஜலதோஷம். ஏசி வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றேன். அங்கிள் பால் வாங்கப் போயிருந்தார். சீரியல் நடுவே டிவி டப்பென்று அணைந்தது. திரும்பிப் பார்த்தேன். பக்கத்து பிளாக்கின் ஜன்னல் எட்டித் தொடுகிற தூரத்தில் இருந்தது. அங்கே ஐடி கம்பெனிப் பையன் கார்த்திக், ஜன்னலோரம் புதிதாக மாட்டிய டிவியை ரிமோட்டால் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே கம்பெனி செட், ஒரே ரிமோட்டுக்குக் கட்டுப்படும். அவன் அமுக்கினால் அங்கே வருகிறது, இங்கே போகிறது. எனக்காக ஜன்னலைச் சாத்திய நாட்களில் மட்டும் டிவி தப்பித்திருக்கிறது.

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கிள் வரட்டும், சொல்லிவிடலாம் என்றேன். ஆன்ட்டி பதறிப்போய்த் தடுத்தார். சீரியலுக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்வாராம். அது முடிந்ததும் அங்கிள் போடுகிற நியூஸ் விவாதம்தான் ஆன்ட்டிக்குத் தினசரித் தலைவலி. அப்போது ஜன்னலைத் திறந்துவிட்டு, தனியாகச் சமைத்து அவதிப்படும் கார்த்திக்குக்கு ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்தனுப்பினால், அவன் ரிமோட்டை ஓர் அமுக்கு அமுக்குவான்; வேலை முடிந்தது. "அவர்கிட்ட மூச்சு விடாத தம்பி. கல்யாணம் ஆன நாளா இப்பத்தான் எனக்குன்னு ஒரு நல்ல ஃபால்ட் வந்திருக்கு."

தீர்ப்பு

ஆன்ட்டி கையால் லட்டும் காபியும் சாப்பிட்டவன், வாயைத் திறக்க முடியவில்லை. இரண்டு நாளில் அங்கிளின் தீர்ப்பு குரூப்பில் வந்தது. "சீரியலுக்கு ஓடுது, நியூஸுக்கு அணையுது. இந்த மெக்கானிக் நக்கோ."

கடையை இழுத்து மூடிவிட்டு ஊருக்கு பஸ் ஏறலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அதே குரூப்பிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகத் தனியே போன் போட்டு, அந்த ஃபால்ட்டைத் தங்கள் வீட்டு டிவிக்கும் வைத்துத் தர முடியுமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.