நாலு ஏழும் ஒரு தலைதீபாவளியும்

மழையில் நனைந்த பஸ் சீட்டின் ரெக்ஸின் வாடை... பக்கத்தில் ஓர் அம்மா உரித்துக்கொண்டிருந்த அவித்த மல்லாட்டையின், அதாவது வேர்க்கடலையின், வாசனை... இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

எல்லாம் ஒரு சீட்டாட்டத்தால் வந்தது. சிரிக்காமல் கேளுங்கள் மக்களே.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள். காதல் கல்யாணம். வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் ரிசப்ஷனில். கெடாரில் இருக்கும் அப்பா, கல்யாணத்தன்றே பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் திருட்டுத்தனமாக போன் பண்ணுவாள்.

தீபாவளி நெருங்கும்போது திடீரென்று அப்பா நம்பரிலிருந்து ஒரு கால்.

"தல தீபாவளிக்கு ரெண்டு பேரும் வந்துட்டுப் போங்க. ஒங்கம்மா சொல்லச் சொன்னா."

அவ்வளவுதான், கட். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் அப்பாவை எனக்குத் தெரியும். ஒரு தடவைதான் இறங்கி வருவார். அன்றைக்குப் போகாவிட்டால் போனதுதான்.

ஆனால் ஸ்கேன் சென்டருக்குத் தீபாவளி லீவு கிடையாது. நான், லேப் செல்வி அக்கா, எக்ஸ்ரே ஆனந்தன்... மூன்று பேரில் ஒருவர் டூட்டி பார்த்தே ஆகவேண்டும். முந்தைய வருஷம் சீட்டு குலுக்கிப்போட்டு, "நீ மடிச்சதே சரியில்ல" என்று பெரிய சண்டை. அதனால் ஆனந்தன் ஒரு வழி சொன்னான். போனில் போக்கர். காசு கிடையாது, பந்தயம் வைக்க ஆப் சும்மா கொடுக்கிற சிப்ஸ்தான். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு யாரிடம் சிப்ஸ் குறைவோ அவர்களுக்கு டூட்டி.

அப்பா கூப்பிட்டதைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஆனந்தன் வீட்டில் கைக்குழந்தை, அதற்கும் அது முதல் தீபாவளி. எந்த வாயால் கேட்பது?

ஆட்டம் ரொம்ப சுலபம். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. சேர்த்துப் பார்த்து யாருடையது பெரிசோ அவர்களுக்குப் பந்தயம் முழுக்க. எனக்கோ பொறுமை கிலோ என்ன விலை! ஒருநாள் மதியம் மூன்று ஏஸ் வந்தது. உடனே இருக்கிற சிப்ஸ் மொத்தத்தையும் வைத்தேன். இரண்டு பேரும் சீட்டைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அவ்வளவு நல்ல கைக்குக் கிடைத்தது கொசுறு சிப்ஸ்.

"ஒனக்கு நல்ல சீட்டு வந்தா ஊருக்கே தெரிஞ்சிடுதும்மா" என்று ஆனந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை. செல்வி அக்கா நிறைய சிப்ஸோடு, "எனக்கு அதிரசத்துக்கு மாவு இடிக்கணும், ஆளவிடுங்க" என்று போய்விட்டாள். மிச்சம் ஆனந்தனும் நானும். அவனிடம் என்னைவிடக் கொஞ்சம் அதிகம். அவன் வீட்டில் உட்கார்ந்து ஆடுகிறான், நான் விழுப்புரம் பஸ்ஸில். ஏழு ஆகப்போகிறது. கடைசி ஆட்டம்.

கையில் இரண்டு ஏழு. நடுவில் மூன்று சீட்டு திறந்தது. அதில் இன்னும் இரண்டு ஏழு!

நாலு ஏழு. அடேயப்பா! வழக்கம்போல மொத்தத்தையும் வைக்க விரல் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, கூட்டேரிப்பட்டு தாண்டியதும் நெட்வொர்க் காலி. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது... நேரத்துக்குள் எதையும் அழுத்தாவிட்டால் ஆப் தானாகவே 'செக்' போட்டுவிடும். அதாவது, எனக்குப் பந்தயம் வேண்டாம், அடுத்த சீட்டைக் காட்டு என்று.

சிக்னல் வந்தபோது நாலாவது சீட்டு திறந்திருந்தது. கீழே ஆனந்தனின் மெசேஜ்: "இன்னாம்மா, பயந்துக்கினியா?"

அந்த நிமிஷம்தான் எனக்குப் புத்தி வந்தது. நான் குதித்தால் அவன் ஓடிவிடுவான். ஓடினால் எனக்குக் கொசுறுதான், டூட்டியும் என் தலையில்தான். அவன் நம்பி உள்ளே வந்தால்தான் நான் கெடார் போகமுடியும். பல்லைக் கடித்துக்கொண்டு இந்தத் தடவை நானே செக் போட்டேன். அவனும் செக்.

ஐந்தாவது சீட்டு, ராஜா. நான் மறுபடியும் செக், ஆனந்தன் உடனே பந்தயம் வைத்தான். அவன் கையிலும் ஒரு ராஜா இருக்கவேண்டும். நான் யோசிக்கிற மாதிரி நேரத்தை ஓட்டினேன். அப்புறம் அவன் வைத்ததற்கு மேலே கொஞ்சமே கொஞ்சம் ஏற்றினேன், ஏதோ வேறு வழியில்லாமல் மிரட்டிப் பார்க்கிறவள் மாதிரி.

"சும்மா பூச்சி காட்டாதம்மா" என்று எழுதிவிட்டு இருந்த சிப்ஸ் மொத்தத்தையும் வைத்தான்.

நான் ஏற்றுக்கொண்டேன். என் கையிலிருந்த இரண்டு ஏழும் திரும்பின, நடுவில் இருந்ததோடு சேர்த்து நாலு. பஸ் என்றும் பாராமல் "ஹேய்!" என்று கத்திவிட்டேன். மல்லாட்டை அம்மா பதறிப்போய், "இன்னாம்மா, பாஸ் பண்ணிட்டியா?" என்றார். ஆமாம்மா என்றேன். ஒரு கைப்பிடி மல்லாட்டை கொடுத்தார்.

மறுநாள் ஆனந்தனிடம் விஷயத்தைச் சொன்னேன். "சொல்லியிருந்தா நானே நின்னுக்கினு இருப்பனே, லூசு" என்று திட்டினான். தீபாவளியன்று அவன் மனைவி, குழந்தைக்குப் புதுச்சட்டை போட்டு எக்ஸ்ரே ரூமுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். போட்டோ அனுப்பியிருந்தான்.

கெடாரில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அப்பா வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் கையிலிருந்த பையை வாங்கி வண்டியில் மாட்டினார்.

"வாங்க மாப்ள."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் ரோட்டிலேயே அழுதேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனந்தன் ஒசூர் பக்கம், செல்வி அக்கா சொந்தமாக லேப் வைத்துவிட்டாள். அந்த ஆப்பை எப்போதோ எடுத்துவிட்டேன். மூன்று பேரும் ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சண்டை போட்ட மதியங்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இன்று காலையில் அப்பா போன்.

"மாப்ள இருக்காரா? மோட்டாரு ஓட மாட்டேங்குது, ஜல்தியா குடு."

"நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டியாப்பா?"

"அதான் நல்லா கத்திக்கினு இருக்கியே. அவராண்ட குடு."

கோபம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனைக் கொடுத்தேன். அரைமணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.