வெளிச்சம் யார்மேல் விழுகிறது என்று கேட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை பிரிண்டிங் மிஷினில் ஃபிளெக்ஸ் ஓடிக்கொண்டிருந்தபோது சலீம் பாய் போனில் கூப்பிட்டார். “குமரா, நிர்மலா மேடம் போயிட்டாங்கப்பா. நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள...” நான் மிஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிர்மலா அவர்கள் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகப் பணியாற்றியவர். செங்கம் பக்கத்து விவசாயக் குடும்பம். செங்கம் சாலையில் சலீம் பாய் நடத்தும் காபிக் கடையின் மாடியில், ஞாயிறு மதியம் பழைய படங்கள் பார்க்க எட்டுப் பேர் கூடுவோம். ஆறு வருடங்களுக்கு முன்பு ஒன்பதாவதாக வந்து சேர்ந்தார். முதல் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை.

பிறகு ஒருநாள், பக்கத்தில் வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன சுவரொட்டியைச் சலீம் பாய் மாடிச் சுவரில் ஒட்டினார். நுவார் என்று சொல்வார்களே, நிழலும் துரோகமுமாக வரும் அந்தக் காலத்து அமெரிக்கக் குற்றப் படங்கள், அந்த வகை. படத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை. சுவரொட்டியில் பாதி இடத்தை ஒரு பெண்ணின் முகம் அடைத்திருந்தது. கீழிருந்து வெளிச்சம், ஜன்னல் பட்டைகளின் நிழல் முகத்தில் கோடு கோடாக. ஓரத்தில், படிக்கட்டில், தொப்பி வைத்த ஒருவன் சின்னதாக நின்றான்.

“இதுல குத்தவாளி யாருங்க?” என்றார் நிர்மலா.

அந்தப் பெண்தான் என்றோம், எல்லோரும்.

“துப்பாக்கி யார் கையில இருக்கு?”

அப்போதுதான் கவனித்தோம். துப்பாக்கி அவன் கையில் இருந்தது. அவளுடைய கைகள் படத்திலேயே இல்லை.

எழுந்து போய் விரலால் தொட்டுக் காட்டினார். சாய்த்து எழுதிய தலைப்பு துப்பாக்கி முனையில் தொடங்கி அவள் கண்ணில் போய் முடிந்தது. தலைப்பின் சிவப்பு, படத்தில் வேறெங்கும் இல்லாமல் அவள் உதட்டில் மட்டும் இருந்தது. “ஆயுதம் அவன்கிட்ட, பழி இவ மேல. யாரும் ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. வரைஞ்சவன் வெளிச்சத்தை வச்சே சொல்லிட்டான்.”

இருபது வருடமாக டிசைன் செய்கிறவன் நான். அப்படி ஒரு படத்தை வாசித்ததில்லை.

அடுத்த ஆண்டு, வீட்டில் அடிபடும் பெண்களுக்கு உதவும் சிறிய அமைப்பு ஒன்று, பொது இடங்களில் ஒட்டச் சுவரொட்டி கேட்டது. அந்த நுவார் பாணியிலேயே செய்தேன். இருட்டு மூலையில் சுருண்டு கிடக்கும் பெண். சுவர் முழுக்க ஓர் ஆணின் நிழல். மாடியில் காட்டினேன். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். நிர்மலா மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

“இதுல பெரிய ஆளு யாரு, குமரன்?”

“நிழல்தான் மேடம்.”

“அடி வாங்கினவ இதைப் பாத்தா அவனத்தான் பாப்பா. வீட்ல பாக்குறது பத்தாதா?”

எனக்குச் சுருக்கென்றது. பாதியிலேயே கிளம்பிவிட்டேன். இரண்டு ஞாயிறு அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு மாலை, அலுவலகம் முடிந்து அவரே என் கடைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். “கோவம் கம்மியாச்சா, இன்னும் ஜாஸ்தியாதான் இருக்கா?” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “எங்க அக்காவுக்கு அந்த மாதிரி வீடுதான் அமைஞ்சுது. கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல” என்றார்.

நிழலை எடுத்துவிட்டோம். சுருண்டு கிடந்தவளை வாசலில் நிற்க வைத்தோம். கையில் போன், வெளியிலிருந்து முகத்தில் விழும் வெயில். கீழே போட்ட உதவி எண்ணை இன்னும் பெருசு, இன்னும் பெருசு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். “கண்ணாடி மறந்து வந்தவளுக்கும் தெரியணுங்க.”

சில வாரம் கழித்து அந்த அமைப்பிலிருந்து பேசினார்கள். பேருந்து நிலையத்தில் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு ஒரு பெண் அழைத்தாராம். “படத்துல இருக்கறவ நின்னுக்கிட்டு இருந்தா. அதான் போன் பண்ணேன்” என்றாராம். இப்போது பிள்ளையோடு பாதுகாப்பாக இருக்கிறார். நிர்மலாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு, “அந்தப் பொண்ணு சாப்டுச்சான்னு கேட்டீங்களா?” என்றார்.

போன ஞாயிறுதான் கடைசியாகப் பார்த்தது. நுவாரைக் கலரில் எடுக்க முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். அவர் படி இறங்கும்போதும் வாதத்தை விடவில்லை, ரோட்டிலும் விடவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறிய பிறகும் தலையை வெளியே நீட்டி, “நம்ம ஊரு வெயில்ல விழாத நிழலா? வர்ற வாரம் காட்டுறேன் பாருங்க!” என்று கத்தினார். ஆட்டோ ஒரு பஸ்ஸைத் தாண்டிப் போனது. வெளியே நீட்டிய கை மட்டும் தூரம்வரை ஆடிக்கொண்டிருந்தது.

அவர் காட்ட நினைத்த படம் எது என்று அவருடைய மகள் அம்மாவின் போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். இந்த ஞாயிறு தானே எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல கலர்ப் படமாம்.

போய் வாருங்கள் மேடம். தோற்கத் தயாராகவே உட்கார்ந்து பார்ப்பேன்.