சீன இசைத்தட்டுகளும் என் இரண்டு காதுகளும்

இசைத்தட்டு விற்கிறவனுக்கு நல்ல காது இருக்கக் கூடாது. இருந்தால் ஒரே வாரத்தில் வேலையை விட்டு ஓடிவிடுவான். கடையில் நின்று நின்று கால் வீங்கிய அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. துணிக்கடைக்காரனாவது துணியை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எங்கள் சரக்கு, கடையை மூடிய பிறகும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான் நின்றது பினாங்கு சூலியா தெருவில், ஒரு ராவுத்தரின் கிராமபோன் கடையில். தமிழ்த் தட்டுகளுக்கு நான், சீனத் தட்டுகளுக்கு ஆ செங் என்ற சீனர். ஆ செங் ஒருநாள் ஈப்போவில் பெண் பார்க்கப் போனவர், கல்யாணத்தை முடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சவரி, நீதான் மாதா கோயில்ல பாடுறியே. பாட்டுன்னா எல்லாம் ஒண்ணுதான். சீன அலமாரியையும் நீயே பாத்துக்க. சீனப் புதுவருஷப் பெருநாளுக்குள்ள அது காலியாகலேன்னா, அலமாரியையும் தூக்கிருவேன், உன்னையும் தூக்கிருவேன்."

என் மனைவி நாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்திருந்த சமயம் அது. வேலை போனால் வந்து இறங்குகிறவளை எங்கே கூட்டிப்போவது? உண்மையிலேயே பயந்துபோனேன்.

எல்லாம் சீனம்தானே

முதலில் வந்தவர் கொண்டையில் ஊசி மின்னும் ஒரு நோன்யா அம்மாள், தலைமுறைகளாக மலாயாவிலேயே வாழும் சீனக் குடும்பத்தவர். நாடகப் பாட்டு வேண்டும் என்று மலாயில் கேட்டார். தட்டில் இருந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. சிவப்புத் தாள் ஒட்டியது உயர்ந்த சரக்காக இருக்கும் என்று நானாக முடிவு செய்து ஒன்றை எடுத்துப் போட்டேன். கேட்கக் கேட்க அம்மாளின் முகம் புளித்தது. இது கான்டனீஸ், நான் ஹொக்கியன், ஒரு வார்த்தையும் புரியவில்லை என்றார்.

"எல்லாம் சீனம்தானே அம்மா?" என்று சமாதானம் சொன்னேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் எங்கள் பஞ்சாபிக் காவற்காரர் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு படுத்திருந்தார். அம்மாள் அவரைக் காட்டினார்.

"அந்த பஞ்சாபி பாடினா, நீ புரிஞ்சு அழுவியா?"

தலை தப்பியது

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் வந்தாலும் தட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுவேன். முகம் மலர்ந்தால் அது அவர் பாஷை. அவரையே கேட்டு ஹொக்கியன், கான்டனீஸ், தியோச்சு, ஹைனான் என்று உறையில் தமிழில் எழுதிக்கொள்வேன். இப்படியே வில் போட்டு இழுக்கும் சீன வாத்தியத்தின் அழுகை எது, வெண்கலச் சேகண்டியின் சண்டை எது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் காதுக்குப் பிடிபட்டது.

ஒரு துரை வீட்டில் சமையல் வேலை பார்க்கும் கான்டனீஸ் பெண்மணி, மத்தியானம் வந்தால் ஒரு நாடகத்தையே முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போவார். கதாநாயகனைத் தலை வெட்டும் கதை. தட்டுகள் ஒரு கட்டாக வரும். அன்று அந்தக் கட்டு என் கையிலிருந்து சரிந்துவிட்டது. வரிசை பார்க்காமல் அவசரமாக அடுக்கிப் போட்டேன். அம்மாள் வழக்கம்போல அழுதார். பிறகு அழுகையை நிறுத்தினார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். வெட்டுப்பட்டவன் அடுத்த தட்டில் மணமேடையில் நின்று பாடிக்கொண்டிருந்தானாம். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"சின்ன வயசிலேர்ந்து பாக்கிறேன், இன்னிக்குத்தான் அவன் பிழைச்சான். இனிமே இப்படியே போடு-லா!"

யாருக்கும் வேண்டாத பாட்டு

பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, கூந்தலைக் கழுத்தளவு வெட்டியவள், தகப்பனாருடன் வந்தாள். ஷாங்காயிலிருந்து வந்த புதுப் பாட்டு கேட்டாள். போட்டேன். கொஞ்சுகிற குரல், பின்னால் பியானோ, ஊதுகுழல், நடனத்துக்கு ஏற்ற தாளம். இதுவும் சீனப் பாட்டா என்று எனக்கே ஆச்சரியம். பெண்ணின் கால் தரையில் தாளம் போட்டது. தகப்பனார் அந்தக் காலைப் பார்த்தார். இது வெள்ளைக்காரன் பாட்டு, வெள்ளைக்காரனுக்கே விற்றுக்கொள் என்று சொல்லிப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று, அடுத்து வந்த தோட்டத்துத் துரையிடம் அதையே போட்டுக் காட்டினேன். சீமைக்கு அனுப்பச் சீனப் பாட்டு வேண்டும் என்று வந்தவர் அவர். பாதியிலேயே கையை அசைத்து நிறுத்தச் சொன்னார்.

"இது வேண்டாம், காது வலிக்கிற நிஜமான சீனப் பாட்டாக் கொடு!"

மங்கல ஓசை

பெருநாள் நெருங்கிவிட்டது. அலமாரி அப்படியே இருந்தது. மனைவி கப்பல் ஏறிவிட்டதாகத் தந்தியும் வந்துவிட்டது. கடைசி முயற்சியாக, தெருவையே இழுக்கிற ஒரு தட்டைத் தேடினேன். கிடைத்தது. அசல் நாகசுரம் மாதிரியே ஒரு குழல், கூடவே மேளம், தாளம். கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெருநாள் சமயத்தில் இதைவிட மங்கலம் எது? கிராமபோன் குழாயைத் தெருப் பக்கம் திருப்பி, திரும்பத் திரும்பப் போட்டேன்.

எதிரே ஹொக்கியன் மருந்துக் கடையில் பாதிக் கதவு மூடியது. பக்கத்தில் கான்டனீஸ் நகைக் கடையும் மூடியது. காப்பிக் கடை ஹைனான்காரர் நாற்காலிகளை உள்ளே இழுத்தார். தெரு முழுக்கப் பாதிக் கதவு! பிணம் தெருவில் போகும்போது சீனர்கள் அப்படித்தான் கதவைச் சாத்துவார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் போட்டது சவ ஊர்வல மேளம் என்பதுதான் தெரியாது. மருந்துக் கடைச் சொந்தக்காரரான தவுக்கே கதவிடுக்கில் தலையை நீட்டித் தெருக்கோடி வரை பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இவ்வளவு நேரமா மேளம் வருது, பிணம் எங்கேடா?"

பரிகாரம்

விஷயம் தெரிந்ததும் தெருவே திரண்டு வந்துவிட்டது. பெருநாள் வாசலில் சாவு மேளமா! வருஷம் முழுக்கத் தரித்திரம்! இன்றோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன். நல்ல பாட்டைப் போட்டுத் தோஷத்தைக் கழி என்றார் தவுக்கே. அவசரமாக ஒரு ஹொக்கியன் தட்டை எடுத்தேன். ஹொக்கியன் பாட்டு என் கடைத் தோஷத்தைக் கழிக்குமா என்று கான்டனீஸ் நகைக்காரர் பாய்ந்தார். அதுவும் நியாயம்தான் என்று அவர் பாஷையில் ஒன்றை எடுத்தேன். தவுக்கே விடவில்லை. தட்டு உன்னுடையதாக இருந்தால் அதிர்ஷ்டம் உன் கடைக்கல்லவா போகும், எங்கள் சொந்தத் தட்டாக இருக்க வேண்டும், எங்கள் கடையிலேயே பாட வேண்டும் என்றார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது.

உறைகளில் நான் எழுதி வைத்திருந்தது அப்போதுதான் கைகொடுத்தது. அவரவர் பாஷையில் அவரவர்க்கு எடுத்துக் கொடுத்தேன். பக்கத்துக் கடைக்காரன் வாங்கியதைவிட ஒன்று கூடுதலாக வேண்டும் என்று போட்டி வேறு. கிராமபோன் இல்லாதவர்கள் அதையும் வாங்கினார்கள். யாருக்கும் வேண்டாத அந்த ஷாங்காய்ப் பாட்டைக் காப்பிக் கடைக்காரர் கொண்டுபோனார். மாலைக்குள் தெருவில் அத்தனை பாஷையும் ஒரே நேரத்தில் பாடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் முதலாளி பள்ளிவாசலிலிருந்து திரும்பினார். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே வந்தவர், வெறும் அலமாரியைக் கண்டதும் கையை எடுத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டே அருகில் வந்தார்.

"பொஞ்சாதி வந்து இறங்கினதும் ரெண்டு நாள் லீவு எடுத்துக்க, சவரி... அந்தச் சாவு மேளத்துல இன்னொரு கட்டு வரவழைக்கட்டுமா?"

சீனப் பாட்டில் எத்தனை வகை உண்டு என்பதை நான் அந்தப் பெருநாளில் தெரிந்துகொண்டேன். நான் எந்த வகை என்பதைச் சூலியா தெருச் சீனர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டார்கள்.