அமலி தட்டிய சுவர்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அமலி இறந்துபோன செய்தியை அவருடைய தம்பி சேவியர் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கைபேசியில் சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி, “அந்த ஹார்ட் டிஸ்க் யார்கிட்ட இருக்கு?” என்பதுதான். எத்தனை மணிக்கு, எப்படி, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று மனுசன் கேட்கிற எதையும் நான் கேட்கவில்லை.

சேவியர் அழுகைக்கு நடுவிலேயே, “பயப்படாதீகண்ணே. நீங்க ஆடு மாதிரிக் கத்துனதையெல்லாம் அக்கா அப்பவே சி.டி. போட்டு எல்லாருக்கும் குடுத்துட்டாக” என்றான். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. எதற்கு வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அமலியை அறிந்தவர்களுக்கு அவருடைய ஸ்டுடியோவைச் சொல்ல வேண்டியதில்லை. சின்னமனூர் மெயின் ரோட்டில், மாடியில், சன்னல் இல்லாத ஓர் அறை. சுவரெங்கும் முட்டை அடுக்கும் அட்டைகள். ராயப்பன்பட்டி சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசிப்பார். மற்ற ஆறு நாளும் அந்த அறையில் மாரியம்மனுக்கும் ஐயப்பனுக்கும் ஜவுளிக்கடைக்கும் இசை போடுவார். விளம்பரத்துக்கு வசனம் எழுதுகிறவன் நான். “சாமி பாட்டுல தப்பு வந்தா சாமி மன்னிச்சிரும்ணே. ஜவுளிக்கடைக்காரரு மன்னிக்க மாட்டாரு, ஒழுங்கா எழுதுங்க” என்பார்.

அவர் இசையமைத்த பக்திப்பாட்டு கேசட்டுகளின் அட்டைகளை ஒருமுறை வரிசையாக மேசையில் பரப்பிக் காட்டினார். பாடியவர் படம் இருந்தது. தயாரித்தவர் படம், அவர் மனைவி படம், கடைசியாகப் பிறந்த குழந்தையின் படம் எல்லாம் இருந்தன. இசை யார் என்று எந்த அட்டையிலும் இல்லை. “எடம் பத்தலைன்னு சொன்னாக” என்றார். அதற்கு நான் ஏதோ நகைச்சுவை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கேசட்டுகளைத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு, “ஒரே ஒரு தடவை போட்டாப் போதும்ணே. அதுக்கப்புறம் நான் கேக்கவே மாட்டேன்” என்றார். எனக்குத் தெரிந்து அவர் எதற்கும் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

அந்த ஆசைக்கு வழி வந்த திசைதான் வேடிக்கை. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டில் அமலியின் ஸ்டுடியோவுக்கு அடுத்த அறையில் காசியண்ணன் டிவி கேம் கடை வைத்திருந்தார். இரண்டு டிவி, நான்கு பெஞ்சு, நாற்பது பயல்கள். அங்கே எல்லோரும் அடித்துக்கொண்டு விளையாடியது மலையேறும் ஆட்டுக்குட்டி ஆட்டம். குட்டி பாறைக்குப் பாறை தாவும். பின்னால் ஒரு மெட்டு ஓயாமல் சுற்றிச் சுற்றி வரும். இரண்டு அறைக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் அம்மனுக்கு உருகி உருகிப் பாடிக்கொண்டிருப்பார்கள். உருக்கத்துக்கு நடுவே ஆட்டுக்குட்டி மெட்டு நுழைந்துவிடும். அந்த மெட்டில் ஓரிடத்தில் கீச்சென்று உச்சிக்குப் போகும். அந்த இடம் வந்ததும் அமலி காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றிச் சுவரில் ஓங்கி ஒன்று போடுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று.

“போய்க் காசியண்ணன்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“அவுகளும் பொழைக்கணும்ல. சுவத்துகிட்டச் சொன்னாப் போதும்” என்றார்.

பத்து வருசம் கழித்து ஒரு போன் வந்தது. பேசியவன் பிரபு. ராயப்பன்பட்டிப் பையன், பாடற்குழுவில் அமலியிடம் திட்டு வாங்கியவன், காசியண்ணன் கடையே கதியென்று கிடந்தவன், இப்போது சென்னையில் செல்போன் விளையாட்டு செய்கிற கம்பெனியில் வேலை. அந்தப் பழைய ஆட்டுக்குட்டி ஆட்டத்தை உரிமை வாங்கிப் புதிதாகச் செய்கிறார்களாம். பழைய மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு புது இசை வேண்டும். “முதல் பக்கத்துலயே உங்க பேரு வரும்க்கா. நான் எழுதி வாங்கிட்டேன்” என்றான். பத்து வருசத்துக்கு முன்னால் செருப்பால் அடித்த மெட்டு, அமலியின் மடியில் வந்து உட்கார்ந்தது.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். மூல மெட்டைக் கணினியில் போட்டு இரண்டு நாள் சும்மா கேட்டார். கீபோர்டைத் தொடவில்லை. நான் புல்லாங்குழல், வயலின், உறுமி என்று யோசனைகளை அள்ளி வீசினேன். “அந்தக் காலத்து மிசினுக்கு ஒரே நேரத்துல மூணு சொரம்தேன் வரும். மூணு வெரலை வச்சுக்கிட்டு ஒருத்தன் மலையே ஏறியிருக்கான். நமக்குப் பத்து வெரல் இருக்குன்னு பத்தையும் நீட்டக் கூடாதுண்ணே” என்றார். புல்லாங்குழல் மட்டும் என்னுடைய யோசனையிலிருந்து தப்பிப் பிழைத்தது.

ஆட்டுக்குட்டி பள்ளத்தில் விழும்போது ஒரு கத்தல் வேண்டும் என்று கம்பெனி கேட்டது. நிஜ ஆடு ஒன்றை மாடிக்கு ஏற்றினோம். அது கத்தவில்லை, மைக்கின் பஞ்சுறையைத் தின்றது. அமலி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். “என்னண்ணே இது, பள்ளத்துல விழுகுற ஆடு மாதிரி இல்லையே, பஸ்ஸ விட்ட ஆளு மாதிரில்ல இருக்கு. திரும்பக் கத்துங்க” என்று நாள் முழுக்கக் கத்த வைத்தார். அந்தக் கத்தல்கள் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கைத்தான் நான் சேவியரிடம் கேட்டது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இசையை அனுப்பினால் பிரபு, “நல்லா இருக்குக்கா, ஆனா என்னமோ கொறையுது” என்றான். மாற்றி அனுப்பினார். “இல்லக்கா, இன்னும் அது வரலை.” எது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது முறையும் அதே பதில். மூல மெட்டோடு சொரம் சொரமாக ஒப்பிட்டுப் பார்த்தோம், ஒன்றும் விடுபடவில்லை. ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு பிரபுவிடமிருந்து போன். குரலே சரியில்லை. நாலரைக்கு முதலாளி கேட்கப் போகிறார், வேறொரு சென்னைக்காரரின் இசையும் வந்துவிட்டது, அவருக்குப் பெரிய பேர் உண்டு, இன்னொரு தடவை அனுப்ப முடியுமா என்றான்.

அப்போதெல்லாம் எங்கள் ஊரில் நாலு மணிக்குக் கரண்ட் போனால் ஆறு மணிக்குத்தான் வரும். நாலு மணி என்றால் நாலு மணி. அந்த ஒன்றில் மட்டும் ஒரு நாளும் தாமதம் கிடையாது.

அமலி போனை மேசைமேல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துவிட்டு மெட்டை ஓடவிட்டார். “எந்த எடத்துலடா கொறையுது? அந்த எடம் வந்ததும் சொல்லு.” மெட்டு சுற்றி வந்தது. கீச்சென்ற உச்சி வந்தது. “இந்த எடம்தேங்க்கா! இங்கனதான் என்னமோ இருக்கும்!”

“என்னடா இருக்கும்? மிசின்ல இருக்கிறது மொத்தமும் இதுதேன்டா!”

“தெரியலைக்கா. ஆனா இருக்கும்.”

மறுபடி ஓடவிட்டார். மறுபடி, “இங்கனதான்.” நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அமலி பார்க்கக் கூடாது என்று கடிகாரத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது சுற்றில் உச்சி வந்தபோது, காலிலிருந்த செருப்பைக் கழற்றி, பழைய கோபம் மொத்தத்தையும் சேர்த்துச் சுவரில் ஒன்று போட்டார்.

போனில் அலறல். “அதுதேங்க்கா! அதுதேன்! அந்த ‘டொம்’தேன்!”

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காசியண்ணன் கடையில் உட்கார்ந்து விளையாடிய பயல்கள் அத்தனை பேரும், சுவருக்கு இந்தப் பக்கம் அமலி போட்ட அடியை மெட்டின் ஒரு பகுதி என்றே நினைத்து வளர்ந்திருக்கிறார்கள். அமலி மெதுவாக, “டேய், அது நாந்தேன்டா” என்றார்.

மூன்று இருபது. மைக்கைச் சுவரருகே வைத்து ஒரு அடி. “கனம் பத்தலைக்கா.” முட்டை அட்டைதான் சத்தத்தைக் குடிக்கிறது என்று அமலி அந்தச் சுவர் அட்டைகளைப் பிய்த்து எறிந்தார், நானும் பிய்த்தேன். இன்னொரு அடி. “கிட்ட வந்துருச்சுக்கா. இன்னும் கொஞ்சம் கனமா.” ரப்பர் செருப்பு இல்லாததுதான் காரணம் என்றார் அமலி, இப்போது அவர் போட்டிருந்தது தோல் செருப்பு. செருப்பை வீசிவிட்டு உள்ளங்கையை விரித்து ஓங்கிப் போட்டார். “அதேதான்க்கா! அச்சு அசலா அதேதான்!”

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு காசியண்ணன் வந்து நின்றார். டிவி கேமை மூடிவிட்டு அதே அறையில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். “என்னத்தா, கட்டடத்தை இடிக்கப் போறியா? அங்கன செல்போன் கவரெல்லாம் பொலபொலன்னு விழுகுது!”

“அண்ணே, ரெக்கார்டிங். இன்னும் நாலு அடிதேன். மூச்சு விடாம நில்லுங்க.”

சண்டை போட வந்த மனுசன் வாயை இறுக மூடிக்கொண்டு சிலை மாதிரி நின்றார். நான்கு அடி. பதிவு முடிந்ததும் காசியண்ணன் வாயைத் திறந்தார்; அதற்குள் அவர் கடை வாசலிலிருந்து யாரோ ரீசார்ஜ் கேட்டுக் கூப்பிட, போய்விட்டார்.

மூன்று நாற்பத்தைந்துக்கு அந்த ‘டொம்’ உச்சிக்கு நேராக உட்கார்ந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு மெயிலில் ஏறத் தொடங்கியது. எங்கள் ஊர் இன்டர்நெட்டின் வேகத்தை நான் கேலி செய்து நிறைய எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அத்தனையையும் திரும்பப் பெற்றுக்கொண்டு மன்றாடினேன். அறுபது சதவீதத்தில் கரண்ட் போனது. அறை முழு இருட்டு. யு.பி.எஸ். கீக் கீக்கென்று கத்த ஆரம்பித்தது. அதன் பேட்டரி ஐந்து நிமிசம் தாங்கினால் அதிகம்.

அமலி சட்டென்று மானிட்டரை அணைத்தார். “ஏ அமலி, என்ன பண்ற! போகுதா இல்லையான்னு தெரிய வேணாமா?”

“நம்ம பாக்குறதுக்கும் கரண்டு செலவாகும்ணே. பாக்காம இருந்தா அது போய்ச் சேரும்.”

இருட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். யு.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது. அவர் ஜெபம் சொல்வது கேட்டது. நானும் எனக்குத் தெரிந்த சாமிகளை வரிசையாகக் கூப்பிட்டேன். கத்தல் வேகமெடுத்தது, பிறகு நின்றது. போனதா, பாதியில் செத்ததா, தெரியவில்லை. நாலரை ஆனது. ஐந்து ஆனது.

ஐந்து பத்துக்கு பிரபு கூப்பிட்டான். “வந்துருச்சுக்கா. முதலாளி கேட்டாக. அது என்ன ‘டொம்’முன்னு கேட்டாக. அதுதேன் சார் ஒரிஜினல்னு சொல்லிட்டேன். ஓகேன்னுட்டாக.”

அமலி வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, “பேரு?” என்று மட்டும் கேட்டார்.

“முதல் பக்கம்க்கா.”

வந்தது. ‘இசை: அமலி.’ அதற்கப்புறம், சொன்னபடியே, எந்த அட்டையிலும் பேர் போடச் சொல்லி அவர் கேட்டதில்லை. அடுத்த வருசமே நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, மருந்து இறங்குகிற கையை அசைக்காமல் மறு கையின் விரல்களைக் கட்டிலில் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று விரல்கள் மட்டும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். இப்போதெல்லாம் எழுதி அனுப்பியதும் ‘போய்ச் சேர்ந்ததா’ என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதில்லை. பத்து வார்த்தை வந்து நின்றால் மூன்றை வைத்துக்கொள்கிறேன். யாராவது பொழைப்புக்காகச் சத்தம் போட்டால், நேரே போய்ச் சண்டை பிடிக்காமல் சுவரிடம் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ராயப்பன்பட்டியில் அடக்கம் முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த காசியண்ணனிடம் இந்தக் கதை முழுவதையும் பெருமையாகச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கடைசி வரை கேட்டார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“டிவி கேம் காலத்துலயே அமலி சுவத்துல இடிக்குமா? பயலுக போடுற கூச்சல்ல எங்களுக்கு ஒரு நாளும் கேட்டதில்லையே. பாட்டு அந்த எடத்துக்கு வர்றப்ப கேமுல அருவி வரும், டிவியில படம் ஆட ஆரம்பிச்சிரும். டிவி மண்டையில நாந்தேன் உள்ளங்கையால ஒண்ணு போடுவேன்.”