குப்பாயியின் நாய் நூலைத் தொடவில்லை

இல்லை, நாய் நூலை இழுக்கவில்லை. இந்தத் தெருவில் யார் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். நாய் சேலையைக் கெடுத்தது, அதனால் குப்பாயியைத் துரத்தினார்கள் என்பது பொய். நாய்மேல் இருந்த கிறுக்கில் நல்ல வீட்டை உதறிவிட்டுப் போனாள் என்பது அதைவிடப் பெரிய பொய். குழாயடியில் ராஜம்மாள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாள். துரத்தினார்களா, உதறினாளா? ஏதாவது ஒன்றில் நிற்க வேண்டாமா.

நடந்ததைச் சொன்னால்தான் ஆகும்.

அரிசியை ரேஷனில் அளந்து கொடுக்கத் தொடங்கியதற்கு நாலைந்து வருஷம் முந்தி. குப்பாயி புதுச்சத்திரத்துக்காரி. புருஷன் பொன்னன் பேதியில் போனதும் தறியை அவன் தம்பி எடுத்துக்கொண்டான். அவளுக்கு மிஞ்சியது ஒரு ராட்டையும் ஒரு செவலை நாயும்தான். ராசிபுரத்தில் தீர்த்தகிரி வீட்டில் மூன்று தறி ஓடுகிறது, நூல் சுற்ற ஆள் வேண்டுமாம், சுற்றுகிறவளுக்குப் பின்பக்கச் சுவரோடு சாய்த்துக் கட்டிய சாய்ப்பை வாடகைக்கு விடுவாராம் என்று யாரோ சொன்னார்கள். ராட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தாள்.

தீர்த்தகிரி முதலில் ராட்டையைப் பார்த்தார். பிறகு அவள் காலடியில் பார்த்தார்.

"நாய் யாருது?"

"என்றதுதானுங்கண்ணா."

"ஊடு உனக்கா, நாய்க்கா?"

"ரெண்டு பேருக்குந்தானுங்க."

"அப்ப ஆவாது அம்மிணி. நெசவாளி தெருவுல நாய் வளப்பாங்களா? நீயும் தறிக்காரன் பொண்டாட்டிதானே."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விடிந்ததும் தெரு நீளத்துக்கும் பாவு விரிப்பார்கள். இந்தக் கோடியில் ஒரு மரம், அந்தக் கோடியில் ஒரு மரம், நடுவில் இழுத்துக் கட்டிய ஆயிரக்கணக்கான இழை. அதன்மேல் கஞ்சி தடவி உலர்த்துவார்கள். அரிசிக் கஞ்சி வாசத்துக்கு எந்த நாயும் வாய் வைக்கும். ஒரு நாய் குறுக்கே ஓடினால் அறுந்த இழையை முடிந்து முடிந்து அந்தப் பொழுதே போய்விடும். மனிதர்களே பாவைக் குனிந்து கடக்க மாட்டார்கள். எவ்வளவு அவசரமானாலும் கோடி மரம்வரை நடந்து சுற்றித்தான் போவார்கள்.

"கட்டிப் போட்டுக்கறனுங்கண்ணா."

"கட்டிப் போட்டா ஊளையிடும். அதைக் கொண்டுபோய் எங்கியாச்சும் விட்டுட்டு வா, சாய்ப்பைத் தொறந்து தாரேன். அப்படியென்ன அந்த நாய்மேல ஆசை?"

அதற்குத்தான் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்கு மாலைக்கண். பொழுது இறங்கினால் எதிரில் இருப்பது ஆளா தூணா என்று தெரியாது. செவலையின் கழுத்தில் ஒரு சலங்கை கட்டியிருந்தாள். அது முன்னால் போகும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இவள் பின்னால் போவாள். கிணற்றுக்கும் கொல்லைக்கும் அப்படித்தான். இதைச் சொன்னால் நாயை உள்ளே இருக்க விடுவார்கள். ஆனால் கண் தெரியாதவள் கையில் எவன் நூலைக் கொடுப்பான்? நூல் இல்லாவிட்டால் சாய்ப்பும் இல்லை. எதைச் சொன்னால் வீடு கிடைக்குமோ அதைச் சொன்னால் வீடு போய்விடும். வாயை மூடிக்கொண்டு நின்றாள். அதைத்தான் தெருக்காரர்கள் திமிர் என்றார்கள்.

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் தங்கிக்கொண்டு, தினமும் காலையில் வந்து நின்றாள். தீர்த்தகிரியின் மனைவி கமலவேணிக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"மாட்டுக்குச் சலங்கை கட்டிப் பாத்திருக்கறோம். இது எந்த ஊர்ச் சதிருக்குப் போகுது?"

"உங்கூட்டு வாசல்லதானுங்க்கா ஆடலாம்னு வந்திருக்குது," என்றாள் குப்பாயி. கமலவேணி சிரித்துவிட்டாள்.

அவள் சிரித்ததுதான் வழிவிட்டது. "ஏனுங்க, ஒரு நாள் பாத்துட்டு அப்பறம் தொரத்துங்களேன்," என்று புருஷனிடம் சொன்னாள். தீர்த்தகிரி அரைமனதாகத் தலையாட்டினார். மறுநாள் பாவு விரித்ததும், "கஞ்சிப் பானைகிட்ட உன்ற நாயை உக்கார வெய்யி. கட்டக்கூடாது," என்றார்.

குப்பாயி செவலையைக் கூட்டிவந்தாள். விடியுமுன்பே செவலைக்கு வயிறு நிறையக் களி போட்டிருந்தாள். ஒரு வாரமாக யாரும் பார்க்காத வேளையில் கோடி மரத்தைச் சுற்றிச் சுற்றி அதை நடத்தியும் பழக்கியிருந்தாள். அது பானைக்குப் பக்கத்தில் படுத்தது. வெயில் ஏறியது. மூக்கை மட்டும் ஒரு முறை தூக்கியது, மறுபடி காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டது. கஞ்சி தடவி முடித்துப் பாவைச் சுருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

"மனுசனே இப்படி இருக்க மாட்டான்," என்று சாவியைக் கொடுத்தார் தீர்த்தகிரி.

எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தாள். மறுநாள் விடியற்காலைத் தறிக்கு வேண்டிய நூலை முதல்நாள் சாயந்தரமே, நாடாவுக்குள் போடும் தார்க்குச்சியில் சுற்றி வைக்க வேண்டும். அது கண் போகிற வேளை. ஆனால் விரல் இருக்கிறதே. அறுந்த இழையை விரலால் தேடி எடுத்து முடிவாள். நிறத்துக்கு மட்டும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தாள். சிட்டம் என்கிற நூல்கற்றைகளை மாட்டச் சுவரில் இரண்டு முளை. கறுப்பு நூல் சிட்டம் இடது முளையில், கருநீலம் வலது முளையில். பகலில் பார்த்து மாட்டிவிடுவாள், பொழுது இறங்கியபின் தடவி எடுப்பாள்.

தை நோம்பி வந்தது, பொங்கலுக்கு வீடு மெழுகும் நாள். கமலவேணி நல்ல மனசோடுதான் செய்தாள், அதையும் சொல்ல வேண்டும். பொழுது சாயும் வேளையில் குப்பாயி கிணற்றுக்குப் போயிருந்தபோது சாய்ப்புச் சுவரையும் சேர்த்து மெழுகிவிட்டாள். மெழுகச் சிட்டங்களை இறக்கினாள், மெழுகியபின் மாட்டினாள். இடது எது, வலது எது என்று அவளுக்கு என்ன தெரியும்.

அன்று சாயந்தரம் குப்பாயி கறுப்பு என்று சுற்றியது கருநீலம். தறிக்குழியின் இருட்டில் நெசவு செய்த தறிக்காரன் சென்னிமலையும் கவனிக்கவில்லை. சேலையைத் தறியிலிருந்து அறுத்து வெயிலில் விரித்தபோது, அதன் கறுப்பு உடம்பில் நாலு விரல் அகலத்துக்கு நீலப்பட்டை.

"நாய் சிட்டத்தை இழுத்துப் போட்டிருக்கும், நாந்தான் எடுத்து மாட்டுனேன்," என்றாள் கமலவேணி. மெழுகியது மறந்து சொன்னாளா, பயந்து சொன்னாளா, அது அவளுக்குத்தான் வெளிச்சம்.

"செவலை எங்கூடக் கெணத்துக்கு வந்துதுங்க்கா."

தீர்த்தகிரி குரலை உயர்த்தவில்லை. "சரி, இவ மாத்தித்தான் மாட்டிட்டா. சுத்தும்போது உனக்குத் தெரியலியா? பாரு அம்மிணி, தப்பு நாயோடதுன்னு வெச்சுக்கலாம். நாளைக்கு அதை நாமகிரிப்பேட்டைச் சந்தைப் பக்கம் விட்டுட்டு வந்துரு. நீ இரு. உன்ற கைவேலை எனக்கு வேணும்."

அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நாயை விட்டபின் அடுத்த சாயந்தரம் கிணற்றுக்கு எப்படிப் போவாள்? செய்யாத தப்பை வாயில்லாத ஜீவன்மேல் எப்படிப் போடுவாள்? சொல்லிவிட்டாள்.

"பொழுது எறங்குனா எனக்குக் கண்ணு தெரியாதுங்கண்ணா. அதுதான் எனக்குக் கண்ணு."

 சென்னிமலை சேலையை மடிக்கத் தொடங்கினான்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் தீர்த்தகிரி.

"சொல்லியிருந்தா சாவி குடுத்திருப்பீங்களா?"

அவர் மடித்த சேலையைக் கையில் வாங்கிக்கொண்டார். "நாய் இருந்துட்டுப் போகட்டும். ஆனா நூலை எப்படி உங்கையில குடுப்பேன்?"

"பகல்ல சுத்தித் தாரனுங்க."

"பகல்ல மட்டும் சுத்துனா மூணு தறிக்குப் பத்தாது. நூல் சுத்த அந்த அத்தாயியைத்தான் வரச் சொல்லோணும். அவளுக்கு இந்தச் சாய்ப்பு வேணும்."

அதற்குமேல் அவளும் கேட்கவில்லை. எதை வைத்துக் கேட்பாள்.

மறுநாள் நன்றாக வெளிச்சம் வரும்வரை காத்திருந்தாள். துணிமூட்டையை இடுப்பில் இடுக்கி, ராட்டையைத் தலையில் வைத்தாள். சாவியைக் கமலவேணி கையில் கொடுத்து, "வாரனுங்க்கா," என்றாள். கமலவேணி ஏதோ சொல்ல வந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலுக்கு நேரே பாவு விரித்திருந்தது. எதிர்ப்பக்கம்தான் அவள் போக வேண்டிய பாதை. கஞ்சிக் கையோடு நின்ற தீர்த்தகிரி, "குனிஞ்சு போயிரு அம்மிணி, பரவால்ல," என்றார். அந்தத் தெருவில் அப்படி யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

அதற்குள் செவலை திரும்பிவிட்டது. பாவை ஒட்டியே கோடி மரம்வரை போய், சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நின்றது. சலங்கைச் சத்தத்தின் பின்னாலேயே குப்பாயியும் அவ்வளவு தூரம் நடந்தாள்.