கட்டில் காலில் ஒரு முடிச்சு

குளிர்காலத்தில் நானும் மனைவியும் இத்தாலியின் பலெர்மோ நகரில் நான்கு நாள் தங்கினோம். வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடி அறை. தெருவெல்லாம் தேவாலய மணியோசையும் ஆரஞ்சு வாசனையும் கனவு போல மிதந்தன. எங்களுக்குள் மட்டும் பேச்சு நின்றிருந்தது. தூங்கப் போகும்போது இரண்டு கட்டில்களையும் பிரித்துப் போட்டுக்கொண்டோம்.

அறையைச் சுத்தம் செய்ய யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வருவார். நரைத்த கொண்டை, நீல மேலங்கி. வந்ததும் சன்னலைத் திறந்து முகத்தில் கொஞ்சம் வெயில் வாங்கிக்கொள்வார். பிறகு மூச்சு வாங்கக் கட்டில்களைத் தள்ளிச் சேர்த்துவிடுவார்.

மூன்றாம் நாள் பழைய விரிப்பு ஒன்றைக் கிழித்து, இரண்டு கட்டில்களின் கால்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.

"எங்க சண்டை உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாம்மா?" என்று கூச்சத்தோடு கேட்டேன்.

"சண்டையோ? நான் தரை வழுக்கிக் கட்டில் விலகுதெண்டெல்லோ நினைச்சன், தம்பி."

மனைவி சிரித்துவிட்டாள். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. முடிச்சை நாங்கள் அவிழ்க்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் திடீரென்று கேட்டாள்: "நாம ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளித்தானே அந்த இரும்புக் கட்டில் நகர்ந்துச்சு. அது எப்படிங்க வழுக்கும்?"